அந்த நீலக் குடை யாருது?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் அந்த மனுஷன் காதில் விழுந்துவிடும். பாவம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்.

அவர் ஒரு பைண்டர். கிழிந்த புத்தகங்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். தைப்பார், ஒட்டுவார், அட்டை போடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்க மாட்டார். "சமையல்காரன் தின்னுக்கிட்டே இருந்தா கடை என்னாவுறது?" என்பார்.

ஒரு நாள், அட்டை போட வந்த காதல் நாவல் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தார். கெட்ட நேரம். அந்த நாவலில் ரெண்டு எழுத்தாளர்கள், ஒருத்தியும் ஒருத்தனும், ஒரே கதையை மாற்றி மாற்றி எழுதுகிறார்களாம். ஒரு அத்தியாயம் இவள், அடுத்தது அவன். எழுத்திலேயே அடித்துக்கொண்டு, எழுத்திலேயே காதலாகிவிடுகிறதாம். பைண்டரின் மனைவி சும்மா புரட்டினாள். புரட்டியவள் அப்படியே உள்ளே விழுந்துவிட்டாள்.

அதுவரை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி மேல் கேள்வி வரும். இப்போது 'ம்' மட்டும்தான் வந்தது.

"இன்னிக்கு கட்டிங் மிஷின்ல என் விரலே போயிருக்கும், தெரியுமா?"

"ம்."

"போயே போச்சு."

"ம். அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன்."

காகிதத்துக்குள்ளே இருந்துகொண்டு எவனோ ஒருத்தன் தன் பெண்டாட்டியைக் கொத்திக்கொண்டு போவதா? பைண்டர் பொங்கி எழுந்தார். அவள் குளிக்கப் போன நேரம் தையலைப் பிரித்தார். புத்தகம் என்பது மடிப்பு மடிப்பாகத் தைத்தது. ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பேர். கடைசி ஃபாரத்தை மட்டும் உருவிக்கொண்டு, தடம் தெரியாமல் தைத்து ஒட்டிவிட்டார். இனி முடிவு தெரியாமல் தவிப்பாள். தன்னிடம்தான் வந்து நிற்பாள். பேசித்தானே ஆகவேண்டும்!

கடையில் ஒளித்து வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஒரு பார்வை பார்த்தார். நாயகி ஒரு நீலக் குடையை நாயகன் கையில் கொடுத்துவிட்டுக் கேவிக் கேவி அழுகிறாள். உடனே ரெண்டு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். சரி, சேரட்டும். ஒரு குடைக்கு யாராவது அப்படி அழுவார்களா? அது யார் குடை? முன்கதை முழுக்க வீட்டில், மனைவி மடியில் இருக்கிறது. அன்றைக்குக் குடை நினைப்பிலேயே ஒரு கல்யாண ஆல்பத்துக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டினார்.

சில நாள் கழித்து, மனைவி புத்தகத்தை மூடிவிட்டு நிறைவாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சு."

"முடிவு... எப்படி?"

"ரொம்ப நல்ல முடிவு."

பைண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத முடிவு எப்படி நல்லாயிருக்கும்? கேட்டால் திருட்டு வெளியே வந்துவிடும். கேட்காவிட்டால் குடை கொன்றுவிடும். குடைதான் ஜெயித்தது.

"ஏம்மா, அந்த நீலக் குடை யாருது?"

"கதையே படிக்காதவருக்குக் குடையோட கலர்கூடத் தெரியுதே!"

அவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"உருவினது நீங்கதானே? நல்லா உருவினீங்க போங்க. எந்தக் கதையா இருந்தாலும் நான் கடைசியைப் படிச்சிட்டுத்தான் ஆரம்பிப்பேன். சேருவாங்களா மாட்டாங்களான்னு தெரியாம நான் எதுக்கு அவ்வளவு பக்கம் அழணும்?"

இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு இது தெரியாது!

"சரி, தப்புதான். குடை யாருது, அத மட்டும் சொல்லிடு தாயி."

"அத மட்டும் சொன்னா ருசிக்காது. முதல்லேருந்து வரணும்."

புத்தகத்தை நோக்கி அவர் கை நீண்டது. அவள் அதைக் கீழே போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வெங்காயக் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

"உரிங்க, சொல்றேன்."

ஆசைப்பட்டபடியே மனைவி பேசினாள். ஓயாமல் பேசினாள். வெங்காயம் முடிந்தது. பாத்திரம் முடிந்தது. கதையில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்தில் நாயகன் நனைந்துகொண்டு நிற்கிறான். தூரத்தில் நீலமாக ஏதோ விரிகிறது...

"விரிஞ்சு?" என்றார் பைண்டர், ஈரக் கையோடு.

அவள் கதையை அங்கேயே நிறுத்தினாள். எழுந்து போய், மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.