களியில் கழிந்த ஞாயிறு

பதினோரு வருஷமாகத் தனக்கு ஏன் பதவி உயர்வு வரவில்லை என்பதைத் தங்கதுரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்டுபிடித்தார். கட்டிலில் படுத்தபடியேதான் கண்டுபிடித்தார்.

போனில் கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றி பெற்றவர்கள் ஓய்வு நேரத்தை வீணாக்குவதில்லை. மலை ஏறுகிறார்கள். புத்தகம் படிக்கிறார்கள். கண்ணை மூடித் தியானம் செய்கிறார்கள். இதில் கடைசியைத் தங்கதுரை பல வருஷமாகச் செய்துவந்தார். குறட்டை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

அதே மாதிரி இன்னும் ஏழு வீடியோவைப் புரண்டு படுத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையை வீணாக்குகிறவர்களை நினைத்து மனசு கனத்தது. முக்கியமாகத் தன் மனைவி நிர்மலாவை நினைத்து. அவள் அதற்குள் இரண்டு வாளித் துணியைத் துவைத்து மாடியில் காயப்போட்டு, உழவர் சந்தைக்குப் போய் வந்து, கட்டிலுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். இப்படி வேலை வேலை என்று கிடந்தால் வாழ்க்கையில் முன்னேறுவது எப்போது என்று அவர் கேட்டார். காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும்படி அவள் சொன்னாள். துடைப்பத்துக்கு இடைஞ்சலாக இருந்ததாம்.

தங்கதுரை ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் கடையும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அந்த வாரம் உதவி மேலாளர் வேலைக்கு உள்ளிருந்தே ஆள் எடுப்பதாக அறிவித்து, எட்டுப் பேரிடம் படிவம் கொடுத்தார்கள். தங்கதுரையும் அதில் ஒருவர். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் முக்கால்வாசியை ஒரே கேள்வி பிடித்துக்கொண்டிருந்தது: உங்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்?

அந்த வீட்டில் படிவம் என்றால் அது நிர்மலாவின் இலாகா. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் அவள்தான் நிரப்புவாள். கிருஷ்ணகிரியில் பி.காம். படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தங்கதுரையிடம் கையெழுத்துப் போடும் திறமை ஒன்றுதான் உண்டு. அதையும் படிக்காமலே போடுவார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிர்மலா பேனாவை நிறுத்தினாள்.

"ஏங்க, லீவு நாள்ல என்ன பண்றீங்கன்னு கேட்டிருக்காங்க. என்ன எழுதறது?"

"முன்னேறுனவங்க என்ன பண்ணுவாங்களோ அதை எழுது."

"நீங்க பண்றதை எழுத வேண்டாமா?"

"தூங்கறேன்னு எழுதச் சொல்றியா? உனக்குத் தெரிஞ்ச நல்லதா பாத்து எழுது. பக்கம் நெறையணும்."

பக்கம் நிறைந்தது. தங்கதுரை கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை நேர்முகம். பொது மேலாளர் நஞ்சுண்டையா மண்டியாக்காரர். கம்பெனி குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். மனைவி மக்கள் மைசூரில். சமைக்க வைத்திருந்த ஆள் வடக்கிலிருந்து வந்தவன், மூன்று வேளையும் ரொட்டி சுடுவான். அதனாலேயே அவர் முகத்தில் எப்போதும் ஒரு துக்கம் இருக்கும். அன்றைக்கு அவர் தங்கதுரையின் கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"களி நீங்களே கிண்டுவீங்களா, தங்கதுரை?"

தங்கதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய மனிதர்கள் இப்படித்தான் ஏதாவது உள்ளர்த்தத்தோடு கேட்பார்கள் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆமாம் சார் என்றார்.

நஞ்சுண்டையா உரக்கப் படிக்க ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கிறேன். வீட்டில் எல்லோருடைய துணியையும் துவைக்கிறேன். உழவர் சந்தைக்குப் போய் வருகிறேன். வீட்டைப் பெருக்கித் துடைக்கிறேன். கேழ்வரகுக் களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைக்கிறேன். பாத்திரத்தை அன்றன்றைக்கே கழுவி வைக்கிறேன். வாரம் முழுக்க உழைக்கும் என் துணைக்கு அன்று ஓய்வு.

கேட்கக் கேட்கத் தங்கதுரைக்கு வியர்த்தது. அந்த அறையில் ஏ.சி. இருந்தது.

மேலாளர் மேஜை மேலிருந்த மற்ற ஏழு படிவங்களையும் ஒரு ஓரமாகத் தள்ளினார். ஏழு பேரும் மலை ஏறுவதாக எழுதியிருந்தார்கள். ஏழு பேரும் புத்தகம் படித்தார்கள், ஏழு பேரும் தியானம் செய்தார்கள். எழுத்துப் பிழைகூட ஒரே இடத்தில் இருந்தது. ஓசூரில் இருக்கிற மலைக்கு இவ்வளவு பேர் ஏறினால் அது தேய்ந்து போயிருக்கும் என்று மேலாளர் வருத்தத்தோடு சொன்னார்.

"நீங்க ஒருத்தர்தான் உண்மை எழுதியிருக்கீங்க. மலை ஏறுறேன்னு ஆம்பளை பொய் சொல்லுவான். பாத்திரம் கழுவறேன்னு எவனும் பொய் சொல்ல மாட்டான்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வருகிற ஞாயிறு தங்கதுரை வீட்டில் சாப்பிட வருவதாகவும் சொல்லிவிட்டார். முத்தே சாப்பிட்டு நாலு மாசம் ஆகிறதாம். களியைத்தான் அவர் ஊரில் முத்தே என்பார்கள்.

தங்கதுரை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சத்தம் போட்டார். இந்த வயசில் என்னைக் களி தின்ன வைக்கப் பார்க்கிறாயா என்றார். களி தின்பது மேலாளர்தான், நீங்கள் கிண்டினால் போதும் என்று நிர்மலா திருத்தினாள். முன்னேறியவர்கள் செய்வதை எழுதச் சொன்னால் இப்படியா எழுதுவது என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச நல்லதா எழுதுன்னீங்க. இந்த வீட்ல ஞாயித்துக்கெழமை எந்திரிச்சு நடமாடுற ஆளு நான் ஒருத்திதான். நான் பண்றதை உங்க பேர்ல எழுதினேன். பொய்னு யாரும் சொல்லலியே?"

சொல்லத்தான் இல்லை. தங்கதுரை குரலை இறக்கினார். அவர் போட்ட திட்டம் இதுதான்: நிர்மலா அதிகாலையிலேயே எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிட வேண்டியது. மேலாளர் வரும்போது தங்கதுரை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வெளிவர வேண்டியது. வியர்வைக்குத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். நிர்மலா மறுப்பே சொல்லவில்லை. சரிங்க என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரிங்க என்று சொன்னதில்லை. அதைத் தங்கதுரை கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு வர வேண்டிய நஞ்சுண்டையா காலை ஒன்பதுக்கே வந்து நின்றார். அப்போது தங்கதுரை பல்கூட விளக்கவில்லை. முதல் நாள் போன் போட்டு நேரம் கேட்டதாகவும், கிண்டுவதை முதலிலிருந்து பார்க்க வேண்டுமானால் ஒன்பதுக்கு வாருங்கள் என்று வீட்டம்மாதான் சொன்னதாகவும் மேலாளர் சொன்னார்.

அந்த வீட்டம்மா பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழமைன்னா சமையக்கட்டுக்குள்ள கால வைக்க விடமாட்டாருங்க சார். சொன்னாலும் கேக்கறதில்ல."

அடுப்பில் ஒன்றுமே இல்லை. தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை. மேடைமேல் ஒரு பாத்திரத்தில் கேழ்வரகு மாவும், பக்கத்தில் களி கிண்டும் மரத் துடுப்பும் அவருக்காகக் காத்திருந்தன. மேலாளர் முக்காலியை இழுத்துப்போட்டு வாசற்படிக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். தப்பி ஓடவும் வழி இல்லை.

உதவி மேலாளர் நாற்காலியை மனசில் நிறுத்தி, தங்கதுரை தண்ணீரை அடுப்பில் ஏற்றி, கொதித்ததும் மாவைக் கொட்டினார். துடுப்பைப் பிடித்தார். ஒரு சுற்றுக்குத் துடுப்பு சுற்றியது. இரண்டாம் சுற்றுக்குப் பாத்திரம் சுற்றியது. மூன்றாம் சுற்றில் துடுப்பு அசையாமல் நின்றது, தங்கதுரைதான் சுற்றினார். நிர்மலா முன்னறையிலிருந்து பாராட்டுகிற குரலில், இவர் கிண்டினால் கட்டியே விழாது என்று மேலாளருக்குச் சொன்னாள். அதற்குள் கோலிக்குண்டு அளவில் பத்துப் பன்னிரண்டு விழுந்திருந்தன.

நஞ்சுண்டையாவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பேண்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, பாத்திரத்தைத் தரையில் இறக்கி, சுற்றித் துணியை வைத்து இரண்டு பாதத்தாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பை வாங்கி அவரே கிண்டினார். அவர் கிண்டுகிற வேகத்தைப் பார்த்துத் தங்கதுரை கதவோரம் ஒதுங்கப் பார்த்தார். குழம்புக்கு அவரைக்கொட்டை பிதுக்கச் சொல்லி மேலாளர் ஒரு முறத்தைக் கையில் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கட்டி எல்லாம் கரையவில்லை. குழம்பில் உப்பு இல்லை. மேலாளர் நாலு உருண்டையை முழுங்கிவிட்டுக் கண்ணீர் விட்டார். இனி வேலை போனது என்றே தங்கதுரை நினைத்தார். மேலாளர் சொன்னது வேறு. சமையல் ருசியாக இருந்திருந்தால் வீட்டம்மா கை பட்டதென்று சந்தேகப்பட்டிருப்பாராம். இது சத்தியமாக ஆம்பளை செய்ததுதான் என்றார். சாப்பிட்ட தட்டுகளைத் தங்கதுரை கழுவும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. தங்கதுரை உதவி மேலாளர்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அறிவிப்புச் செய்தார். உத்தரவு கையில் இருக்கிறது. கையெழுத்தும் ஆகிவிட்டது. எனவே நாளை முதல் பழையபடி கட்டில், பழையபடி போன். எத்தனை படித்தும் உனக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லையே என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். நிர்மலா அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. லுங்கியை இறுக்கிக்கொண்டு தங்கதுரை கதவைத் திறந்தார். வாசலில் கம்பெனி ஜீப். டிரைவர் ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நஞ்சுண்டையா, கையில் புதுத் துடுப்போடு.

வாரா வாரம் வரச்சொல்லி வீட்டம்மா போனில் கூப்பிட்டதாகவும், சும்மா வந்து சாப்பிட மனசு கேட்காததால் ஊரிலிருந்து கேழ்வரகு வரவழைத்ததாகவும் அவர் சொன்னார். அவருக்கு வழிவிட்டு நிர்மலா வெளியே வந்தாள். தோளில் பை. ஏழு மணி பஸ்ஸில் காவேரிப்பட்டினம், அம்மா வீடு, சாயங்காலம் திரும்பிவிடுவாளாம்.

மூட்டை எத்தனை கிலோ என்று தங்கதுரை ஈனக் குரலில் கேட்டார்.

"அம்பது கிலோ," என்றார் மேலாளர். "தீந்ததும் சொல்லுங்க. நம்ம நெலத்துல இந்த வருசம் நல்ல வெளைச்சல்."