கதிரை நானாவின் பாலத்துக் கூட்டம்

கண்டிப் பக்கத்தில் இரண்டு பிரதேச சபைகளை ஒன்றாக உட்கார வைத்த ஒரே மனிதர் கதிரை நானாதான். அலவத்துகொடக்காரர். கலியாண வீடுகளில் ஆட்கள் உட்காரக் கதிரை வாடகைக்கு விடுவது தொழில். கடை ஹேவாஹெட்டப் பக்கம், ஒரு பாலத்தடியில்.

அங்கே ஆறுதான் எல்லை. இக்கரை ஒரு சபை, அக்கரை இன்னொன்று. மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் மண் பாலத்தின் கண்களை அடைத்துக்கொண்டே வந்தது. தேங்கும் தண்ணீர் உடைத்துக்கொண்டால், கீழே இருக்கிற தோட்டத் தொழிலாளர் லயம் மிஞ்சாது. ஆனால் இக்கரையில் கூட்டம் வைத்தால் அக்கரைத் தலைவர் வரமாட்டார். அக்கரையில் வைத்தால் இக்கரைத் தலைவருக்கு ரோஷம்.

நானா பாலத்தின் நட்டநடுவில் கதிரைகளைப் போட்டுவிட்டார். ஆளுக்குப் பாதிப் பாலம். செய்தி எழுத நானும் போயிருந்தேன். இரண்டு பக்கமும் பஸ்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளின.

"அடிக்கட்டும். ஒரு முடிவு வராம ஒரு பஸ்ஸும் போகாது. வடையத் தின்னுங்க சேர்" என்றார் நானா.

முடிவு வந்தது: அவரவர் பாதியை அவரவர் துப்புரவாக்குவது. இக்கரை ஆட்கள் வந்து தங்கள் மண்ணை வாரி அக்கரைப் பாதியில் கொட்டினார்கள். அக்கரை ஆட்கள் அதையும் சேர்த்து இக்கரைப் பாதியில் தள்ளினார்கள். திட்டம் நிறைவேறியதாக இரண்டு சபைகளும் அறிவித்தன. மண் ஆற்றைவிட்டு நகரவேயில்லை.

அடைமழை பிடித்த ஒரு பின்னேரம், பாலத்தடியில் தண்ணீர் ஏறுவதை நானா பார்த்தார். வெள்ளம் வெள்ளம் என்று அவர் கத்திக் கத்தி லயத்தாருக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் வேறு விதமாகக் கத்தினார்.

"கூட்டம்! சபைக்காரங்க வந்திருக்காங்க! வட சூடா இரிக்கி, ஓடி வாங்க!"

லயமே மேலே ஓடிவந்தது. லயத்துச் செல்லம்மாவின் புருஷன் மட்டும் நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். நானா ஒரு கதிரையோடு இறங்கி, அவரை அதில் உட்கார வைத்துத் தூக்கிவந்தார். மேலே நின்றவர்கள் கதிரையோடு அவரை வாங்கிக்கொண்டார்கள். நானா மேலே ஏறும் கடைசிப் படியில் நிற்கும்போது தண்ணீர் உடைத்துக்கொண்டது. லயமும் போனது, நானாவும் போனார்.

மறுநாள் ஆற்று நடுவே மணல் திட்டில் கிடந்தார். இரு கரையிலும் இரண்டு பொலிஸ் நிலையத்தார் நின்றார்கள். திட்டு யார் எல்லை என்று நாடா பிடித்து அளந்தார்கள்.

செல்லம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.

"நீங்க அளந்துக்கிட்டே இருங்கய்யா. அவரு எங்க ஆளு. நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்."

லயத்து ஆட்கள் பின்னாலேயே இறங்கி அவரைத் தோளில் தூக்கினார்கள்.

இன்றும் பஸ் அந்தப் பாலத்தில் ஏறினால், நான் சீட்டை விட்டு எழுந்து நின்றுகொள்கிறேன்.