அறுபத்திரண்டு கிலோ பலகாரம்

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கும், ஆனால் சொல்ல வராது. முதற்பொய்யை ஒருமாதிரிச் சொல்லிவிடுவேன். அடுத்த கேள்வி வந்ததும் கையில் அகப்பட்ட உண்மையைப் பிடுங்கிப் பொய்யோடு சேர்த்து ஒட்டிவிடுவேன். (விஞ்ஞான ரீச்சர் என்பதால் அளவுகள் மட்டும் பிசகாது.) இந்த வியாதியால்தான், எட்டு வருடங்களுக்கு முன்னர் அப்பாவுக்குச் சவப்பெட்டி சொல்லிவைக்கப் போன நான், அவருக்குக் கலியாணம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா மானிப்பாயில் நாற்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். சண்டைக் காலத்தில் ஒருநாள், பதுங்குவதற்கு வளவில் வெட்டியிருந்த பங்கரின் வாய் மண் சரிந்து மூடிக்கொண்டது. அயலவர்கள் தோண்டி எடுக்கும்வரை அவர் தனியே அதற்குள் கிடந்தார். அன்றிலிருந்து அவர் பூட்டிய அறையில் நித்திரை கொண்டதில்லை. ஹோலில், யன்னலடியில், முன்கதவும் பின்கதவும் திறந்தபடி கிடக்கத்தான் படுப்பார். பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

இனி மூன்று மாதந்தான் என்று டொக்டர் என்னிடம் இரகசியமாகச் சொன்னதை அப்பா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

"பிள்ளை, சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை. பெட்டியை மூடுவியளெல்லோ, அதுதான் பயமாக்கிடக்கு."

"அப்ப உங்களுக்கு ஒண்டும் தெரியாதப்பா."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

கணித வாத்தியாரிடம் நிறுவாமல் ஒன்றும் செல்லாது. என் அப்பா பயப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். எப்படியாவது காற்றும் வெளிச்சமும் வருகிற பெட்டி எடுத்துத் தருவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதலில் சவப்பெட்டி விற்கும் ஒரு மலர்ச்சாலைக்குப் போனேன். அங்கிருந்தவர் மினுமினுப்பான ஒரு பெட்டியின் மூடியைத் தட்டிக்காட்டி, "ஒரு எறும்பு போகேலாது அக்கா, அவ்வளவு இறுக்கம்" என்றார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இலண்டனில் இருக்கும் அண்ணைக்கு விடயத்தைச் சொன்னபோது, அங்கே வில்லோ மரத்தின் மெல்லிய கொப்புகளால் கையாலேயே பின்னிய சவப்பெட்டிகள் உண்டென்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அப்பா அதை இரண்டு விரலால் பெருப்பித்து, பின்னலின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உதுதான். வில்லோ இல்லாட்டி என்ன, பனை இருக்கெல்லோ" என்றார்.

கோப்பாயில் ராசமணி அக்கா என்றொருவர் தன் இரண்டு தங்கைகளோடு பனையோலையில் கடகம், பெட்டி எல்லாம் பின்னுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இளம் ஓலையால் உள்ளே ஒன்று, முற்றிய ஓலையால் வெளியே ஒன்று என்று இரட்டையாக இழைத்து, நாரால் விளிம்பு கட்டிய கடகம் எவ்வளவு பாரமும் தாங்கும். ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். படலையைத் திறந்தால், வெள்ளிக்கிழமை, முற்றம் தெளித்துக் கிடந்தது, சாமியறையில் விளக்கு எரிந்தது, நெற்றி நிறையத் திருநீறோடு ராசமணி அக்கா "வாங்கோ" என்று சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்து, உயிரோடு இருக்கிற ஆளுக்குச் சவப்பெட்டி பின்னுங்கோ என்று எப்படிச் சொல்வது? பாடமாக்கியதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஒரு பெரிய பெட்டி வேணும் அக்கா. மூடியோடை."

"என்னத்துக்கு?"

"கலியாண வீட்டுக்கு. பலகாரம் வைக்க."

"எவ்வளவு பெரிசு?"

"நீளம் ஆறடி ரண்டங்குலம்."

ராசமணி அக்கா கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தார். "ஆறடியிலை பலகாரமோ?"

"வெளிநாட்டுச் சனம் வருது. நல்லாச் சாப்பிடுவினம்."

"பாரம் எவ்வளவு வரும்?"

"அறுபத்திரண்டு கிலோ."

"அப்பிடிச் சரியா எப்பிடித் தெரியும்?"

"போன கிழமைதான் நிறுத்தனாங்கள்."

(இதைச் சொல்லும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை.) "தோள் பக்கம் மட்டும் கொஞ்சம் அகலம் வேணும்" என்றேன்.

"பலகாரத்துக்குத் தோளோ?" என்றார் மூத்த தங்கை.

"மூடியை ஈர்க்கிலை ஐதாப் பின்னுங்கோ. காத்துப் போகவேணும், புழுங்கக் கூடாது."

அது மட்டும் அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. பலகாரம் புழுங்கினால் பூஞ்சணம் பிடிக்குந்தானே. அடியில் மரச் சலாகை வைத்து, பக்கத்துக்கு மூன்று கைபிடி போட்டு, மூன்று கிழமையில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக முடிவாயிற்று. தப்பினேன் என்று எழும்பும்போது ராசமணி அக்கா கடைசிக் கேள்வியைப் போட்டார்.

"மாப்பிள்ளையின்ரை பேர் என்ன?"

உலகத்தில் எத்தனை ஆண் பெயர்கள் இருக்கின்றன. என் வாயில் வந்தது "ஞானரத்தினம்." அது அப்பாவின் பெயர்.

"பொம்பிளை?"

"நேசம்." அது என் அம்மாவின் பெயர். அவர் இறந்து அப்போது பதினாறு வருடம்.

"வடிவான பேர்" என்று ராசமணி அக்கா திரும்பவும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஏன் கேட்டார் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்காகச் செபிக்கப் போதகரும் சபைச் செயலாளரும் வந்திருந்தார்கள். பாதிச் செபத்தில், படலையடியில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் தடதடவென்று வந்து நின்றது. அதன் இழுவைப் பெட்டியில் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, ராசமணி அக்காவும் தங்கைகளும். ஒருவர் கையில் வெற்றிலைத் தட்டம். நடுவில் என் ஓடர்.

சிவப்பு, பச்சை, ஊதா. சாயம் போட்ட ஓலையில் பெட்டியைச் சுற்றிவரத் தாமரையும் மயிலும். மூடியின் மேல் கொட்டை எழுத்தில், "ஞானரத்தினம் – நேசம்." அதற்குக் கீழே, "பல்லாண்டு வாழ்க."

அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஹோலுக்குள் வந்து போதகரின் காலடியில் இறக்கினார்கள்.

"கலியாண வீடு எண்டு சொன்னியள், ஒரு தோரணத்தையும் காணேல்லை. மாப்பிள்ளை எங்கை?" என்றார் ராசமணி அக்கா.

யன்னலடியிலிருந்து, மூக்கில் கண்ணாடி சரிய, எண்பத்திநான்கு வயது அப்பா கையை உயர்த்தினார்.

"நான்தான்."

"பொம்பிளை?" என்று ராசமணி அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அவ முந்திப் போட்டா. நான் இனித்தான் போகப்போறன். உது எனக்குச் செய்த பெட்டி, பிள்ளை."

ராசமணி அக்கா பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குச் சுடுகிறது. "உண்மையைச் சொல்லியிருந்தா, ஒரு நிறமும் போடாமல் அமைதியாப் பின்னித் தந்திருப்பன் ரீச்சர்" என்றார்.

"அப்ப இவள் பொய் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் அப்பா. அவருடைய விரல் அம்மாவின் பெயர்மேல் எழுத்தெழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது.

சபைச் செயலாளருக்குத்தான் பொறுக்கவில்லை. "உதைச் சேமக்காலைக்குள்ளை கொண்டு போகேலாது. எங்கடை ஆக்கள் எல்லாரையும் ஒழுங்கா அடக்கம் செய்த இடம். பிரேதப் பெட்டியிலை பல்லாண்டு வாழ்க எண்டு எழுதிக்கொண்டு போனால் சனம் சிரிக்கும்."

போதகர் மூடியில் இருந்ததை இரண்டு தரம் வாசித்தார். "நாங்கள் ஒவ்வொரு செத்த வீட்டிலையும் உதைத்தானே நித்திய சீவன் எண்டு ஒரு மணித்தியாலமா நிண்டு சொல்லுறம்" என்றார்.

அப்பாவோ அளவு பார்க்கவேண்டும் என்று நின்றார். தடுத்தால் கேட்கிற ஆளா? போதகர் தலைப்பக்கமும் நான் கால்பக்கமும் பிடித்து உள்ளே படுக்கவைத்தோம். "மூடுங்கோ" என்றார். எனக்குக் கை வரவில்லை. ராசமணி அக்காதான் மூடினார்.

"போதகரின்ரை மூக்குத் தெரியுது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "லைற்றும் தெரியுது. காத்தும் வருது."

பிறகு சத்தமே இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். குனிந்து ஈர்க்கு இடைவெளியால் பார்த்தேன். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பங்கருக்குள்ளிருந்து வெளியே எடுத்த நாளிலிருந்து மூடிய இடத்தில் கண்ணயராத மனிதர், ஆறு பேருக்கு நடுவில், மூடிய பெட்டிக்குள் நிம்மதியாக நித்திரை. நான் நிலத்தில் இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். அவ்வளவு சந்தோசம் அதற்கு முன்னர் எனக்கு வந்ததில்லை.

ராசமணி அக்கா என் தோளில் தட்டினார். "உங்களோடை எனக்குக் கோவம்தான். ஆனா ஆள் நித்திரை. வெளியிலை வாங்கோ" என்றார். படலையடியில் வைத்து வட்டியும் முதலுமாக எனக்கு ஏச்சுத் தந்தார். தட்டத்தில் வந்த வெற்றிலையை மட்டும் அப்பாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போனார்.

மூன்று மாதம் என்று சொன்ன டொக்டரை ஏமாற்றிவிட்டு அப்பா மேலும் இரண்டரை வருடம் இருந்தார். தினமும் மத்தியானம் பெட்டிக்குள்தான் நித்திரை, மூடியோடு. மின்சார மானி பார்க்க வந்தவர் ஒருநாள் பெட்டி தும்முவதைக் கேட்டு, புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினார். "என்ன மருந்து மாத்தினனீங்கள்?" என்று டொக்டர் கேட்டபோது, "பெட்டி மாத்தினனாங்கள்" என்றேன். பொய் கலக்காமல் நான் சொன்ன பதில் அது, அவர்தான் நம்பவில்லை.

அப்பா போனது ஒரு விடியற்காலை, கதிரையில் இருந்தபடியே. அடக்கத்தன்று காலை ராசமணி அக்கா தங்கைகளோடு வந்து, விளிம்பில் பிரிந்திருந்த நாரை மாற்றிக் கட்டித் தந்தார். சேமக்காலைக்குப் போகும் வழியில் கடைக்காரர்கள் எழும்பி நின்றார்கள், பிறகு மூடியை வாசித்தார்கள், பிறகு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இறக்கும்போது மத்தியான வெயில் மூடியால் புகுந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. சொன்னதைச் செய்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்து நின்றேன். சபைச் செயலாளர்தான் முதற்பிடி மண் போட்டார்.

போன வருடம் என் மகனுக்குக் கலியாணம். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "மணமக்கள் பல்லாண்டு வாழ்க" என்றாரோ இல்லையோ, எங்கள் குடும்ப வரிசை முழுக்கச் சிரித்துக் குலுங்கியது. இலண்டனிலிருந்து வந்த அண்ணைக்குப் புரைக்கேறியது. பெண்ணின் தகப்பன் முகம் கறுத்துப்போய், என்ன விடயம் என்று என்னிடம் கேட்டார். நல்லநாளில் கேட்கிறாரே என்று ஒரு பொய்க்கு வாயைத் திறந்தேன். அண்ணை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை சொன்னேன். அவர் எழும்பிப் போய்விட்டார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்தநாள் காலமை அவரிடமிருந்து ரெலிபோன் வந்தது.

"ரீச்சர், நான் ஐஞ்சடி ஒன்பது. எண்பத்தினாலு கிலோ. அந்த மனிசியிட்டை எனக்கும் ஒண்டு சொல்லிவிடுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

"கலியாண வீட்டுக்கெண்டே சொல்லுங்கோ. அப்பத்தான் வடிவாப் பின்னுவா."