முப்பத்திரண்டில் நின்ற மார்பு

மதுரையில் கோபத்தினாலேயே உடம்பை வளர்த்த ஒரே மனிதன், முப்பத்திரண்டு என்று பட்டப்பெயர் வாங்கிய என் அறைக் கூட்டாளிதான். மற்றவர்கள் உற்சாகத்தில் தண்டால் எடுப்பார்கள். இவன் ஆத்திரத்தில் எடுப்பான். அந்த ஆத்திரத்தோடு, வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரே அறையில் ஒரு வருஷம் குடியிருந்த பாவி நான். நான் வக்கீல் குமாஸ்தா. அவன் நூல் மண்டியில் மூட்டை கட்டுகிறவன்.

போலீஸில் சேர வேண்டும் என்பது அவன் வெறி. அதற்கு மார்பு முப்பத்து மூன்று அங்குலம் இருக்க வேண்டுமாம். வயது வரம்போ அந்த வருஷத்தோடு முடிகிறது. தேறாவிட்டால் வாடிப்பட்டிக்குத் திரும்பிப் பெரியப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். இறைத்துக்கொண்டே பெரியப்பாவின் பேச்சையும் கேட்க வேண்டும். இரண்டாவதைத்தான் தாங்க முடியாது என்பான்.

முதல் மூன்று மாதத்தில் முப்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கு வந்த மார்பு, அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டது. நாலு மாதம் ஒரு நூல்கூட நகரவில்லை. தெருவே அவனை முப்பத்திரண்டு என்று கூப்பிட ஆரம்பித்தது.

மனுஷன் சோர்ந்து போவான், நானும் கொஞ்சம் தூங்கலாம் என்று பார்த்தேன். அவனா சோருவான்? மார்பு வளராததைத் தனக்கு இழைக்கப்பட்ட அநியாயமாக எடுத்துக்கொண்டான். விடியலில் ஆனையூர் வரை ஓடிவிட்டு வந்து, என் தலைமாட்டில் முந்நூறு தண்டால். ஒவ்வொன்றுக்கும் யாரையாவது திட்டுவான்: பெரியப்பா, பால்காரர், சர்க்கார், மழை. நான் ஊறவைத்த பாசிப்பயறை எனக்கு முன்னால் தின்று தீர்த்துவிடுவான். கேட்டால், “ஒனக்கு எதுக்கு மாப்ள அம்புட்டுச் சத்து? நீ உக்காந்துல்ல எழுதுற” என்பான். என்ன அக்கிரமம் பாருங்கள். உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வயிறு கிடையாதா?

அளப்பது என் வேலை. அதற்கென்றே ஒரு துணி டேப் வாங்கி வைத்திருந்தான். தையற்காரர்களின் டேப் எல்லாம் திருட்டு டேப் என்பது அவன் கட்சி. வேறொன்றைத் தொடவிட மாட்டான். முப்பத்திரண்டு வந்த சந்தோஷத்தில் அந்த டேப்புக்கு உபசாரம் தொடங்கியது. அப்படியொரு உபசாரம் எனக்கு என் கல்யாணத்தில்கூட நடக்கவில்லை. சனிக்கிழமை தோறும் அவனோடு சேர்ந்து அதற்கும் சீயக்காய்க் குளியல். வியர்வை போக அலசி, சுருக்கம் விழாமலிருக்க நுனியில் அம்மிக் குழவியைக் கட்டி, ஆணியில் தொங்கவிட்டுக் காயப்போடுவான். மறுநாள் நான் அளப்பேன். முப்பத்திரண்டு. நான் சரியாகப் பிடிக்கவில்லை என்பான். மறுபடியும் முப்பத்திரண்டு. அந்தக் கோபத்தில் இன்னும் ஐம்பது தண்டால்.

தேர்வு நாளன்று, போவதில்லை என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். எனக்கு வந்ததே கோபம். இத்தனை மாதம் என் தூக்கத்தையும் பயறையும் பறிகொடுத்தது எதற்கு? எனக்கு வயிற்றுவலி என்று வக்கீலுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவனை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஏட்டையா அளந்தார். முப்பத்து நாலு என்றார்.

சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? இவன் கொதித்துவிட்டான். “அய்யா, ஒங்க டேப்பு தப்பு. எனக்கு முப்பத்திரெண்டுதான்” என்று மடியிலிருந்து தன் டேப்பை உருவி நீட்டினான். ஏட்டையா இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். அவர் டேப்பில் முப்பத்து நாலு இருந்த இடத்தில் எங்கள் டேப்பில் முப்பத்திரண்டுதான் இருந்தது. குழவி இழுத்த இழுப்பில் துணி நீண்டுகொண்டே போயிருக்கிறது. மார்பு வளர வளர டேப்பும் கூடவே வளர்ந்திருக்கிறது.

அப்போதும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பொய் அளவில் வந்த வேலை வேண்டாம் என்று சட்டையை மாட்ட ஆரம்பித்தான். ஏட்டையாவும் அலுத்துப்போய், பேரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

கோர்ட்டில் வக்கீலுக்குப் பின்னால் நின்று ஒரு நாளும் வாயைத் திறக்காத நான், பாய்ந்து போய் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். “அய்யா, இவன் சொல்றதக் கேக்காதீங்க. நான் பக்கத்துல படுத்துப் பாத்தவன். ஒரு நாள் விடலய்யா. இம்புட்டும் அவன் ஒழைச்சு வந்தது.”

ஏட்டையா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், முப்பத்து நாலு என்று எழுதிக்கொண்டார். முப்பத்திரண்டு என்னை முறைத்து, “ஒன்னைய யாரு மாப்ள பேசச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த நிமிஷம் யாராவது என் மார்பை அளந்திருந்தால், நானும் போலீஸில் சேர்ந்திருப்பேன்.