மைசூர்பாகுக்காக இங்கிலீஷ் படித்தவர்

நாற்பத்தாறு வயதில் இங்கிலீஷ் படிப்பது என்று இரும்புக்கடை பொன்னுச்சாமி முடிவெடுத்ததும் அருப்புக்கோட்டை கடைவீதியே அவரை மரியாதையாகப் பார்த்தது. பம்பாய் கம்பெனிக்காரன் ஆணியும் போல்ட்டும் விற்க வந்தால் நாம் திருதிருவென்று முழிக்கக் கூடாது பாருங்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். பம்பாயாவது, கம்பெனியாவது! அவர் இங்கிலீஷ் படிக்கப் போனது மைசூர்பாகுக்காக.

விஷயம் இதுதான். அது எண்பத்தெட்டாம் வருஷம். அவருக்கு உடம்பில் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார். இடது கால் பெருவிரலில் வந்த புண் ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இனிமேல் இனிப்பைத் தொட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னது பொன்னுச்சாமியிடம். காதில் வாங்கிக்கொண்டது அவர் மனைவி சண்முகவடிவு. அன்று சாயங்காலமே அவள் ஊரிலுள்ள மிட்டாய்க்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கிவிட்டாள். மறுநாள் இவர் போய்க் கொஞ்சம் கருப்பட்டி மிட்டாய் கேட்டபோது, "குடுத்தா வடிவக்கா என்னைய வையும் அண்ணாச்சி" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கல்யாணப் பந்தியில்கூட, பரிமாறுகிறவர்கள் இவர் இலைக்கு வந்ததும் ஜிலேபித் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

விரல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் பயம் எப்போதாவதுதான் வரும். ஆசை எப்போதும் வரும்.

வாங்கி வந்து கொடுக்க ஆள் தயார். சைக்கிள்கடை காளீஸ்வரன், பால்ய சிநேகிதன், உயிரைக் கேட்டாலும் யோசித்துவிட்டுக் கொடுப்பவன். ஆனால் எங்கே வைத்துப் பேசுவது? கடைக்குப் பின்னாலேயே வீடு. இருவரும் குசுகுசுவென்றால் போதும், சண்முகவடிவு உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றுவிடுவாள்.

"ஏலே, அவளுக்குத் தெரியாத பாஷை ஒண்ணு வேணும்லே" என்றார் பொன்னுச்சாமி.

"தறிக்காரவுக பேசுற கன்னடத்தைப் படிப்போமா மாப்ள?"

"நல்லாப் படிச்ச போ! பக்கத்து வீட்டுச் சௌடையா பொண்டாட்டிகூட அவ கன்னடத்துல சண்டையே போடுறா."

அப்படித்தான் இருவரும் பாளையம்பட்டியில் ஒரு தையல்கடை மாடிக்கு, உதயகுமார் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

மாஸ்டர் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். "அண்ணாச்சி, இங்கிலீஷ்ல வினைச்சொல்லு தனியா வந்தா சாது. பின்னால ஒரு குட்டிச் சொல்லு ஒட்டுச்சுன்னா ஆளே மாறிரும். 'லுக்'னா பாக்குறது. 'லுக் ஃபார்'னா தேடுறது. 'லுக் இன்டூ'னா விசாரிக்கிறது. 'லுக் ஆஃப்டர்'னா கவனிச்சுக்கிறது."

"இதுக்கு எதுக்கு இத்தனை சொல்லு? எங்க வீட்டுல ஒரே பார்வையில எல்லாம் நடக்கும்."

"சரி, 'என்னை வந்து கூட்டிட்டுப் போ'ன்னு சொல்லுங்க."

"பிக் அப் மீ."

"தப்பு. 'பிக் மீ அப்'. மீ, இட், ஹெர் இதெல்லாம் நடுவுல உக்காரணும்."

பொன்னுச்சாமி விழித்தார். காளீஸ்வரனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "வண்டியில சின்னப் பிள்ளையை நடுவுல வச்சுக்கிடுறோம்ல மாப்ள? பின்னால வச்சா விழுந்துரும்ல? அது மாதிரி!" மாஸ்டரே அசந்துபோனார்.

ஆனாலும் இந்த இன், அவுட், அப், ஆஃப் எல்லாம் அவர்கள் வாயில் இடம் மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாய் சொல்லும்போதே கையும் சொல்ல வேண்டும். 'இன்' என்றால் பைக்குள் நுழைக்கிற மாதிரி. 'அவுட்' என்றால் உருவி எடுக்கிற மாதிரி. 'அப்' என்றால் கை பரணுக்குப் போக வேண்டும். 'புட் இட் ஆன்' என்றால் மேலே உடுத்திக்கொள்கிற மாதிரி. அதற்கப்புறம் இருவருக்கும் இங்கிலீஷ் தண்ணீராக ஓடியது. கையை ஆட்டாமல் ஒரு வார்த்தை வராது என்பது மட்டும்தான் குறை.

முதல் வெள்ளோட்டம் வீட்டிலேயே நடந்தது. சண்முகவடிவு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"டுமாரோ பிரிங் இட். புட் இட் இன் த பேக்" என்றார் பொன்னுச்சாமி.

"ஓகே மாப்ள. ஐ வில் நாட் டேக் இட் அவுட்."

சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பொன்னுச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காளீஸ்வரன் வாசலில் கால் வைத்ததும் அவள் எதிரே வந்தாள். "வாங்கண்ணே. பைக்குள்ள இருக்கிறதை வெளிய எடுத்துக் குடுத்துட்டு உள்ள வாங்க."

"அது டயரு தங்கச்சி."

"டயருல நெய் வாடை அடிக்குது?"

அடுத்த திட்டம் 'புட் இட் அப்'. கடைப் பரணில் ஆணிப் பெட்டிக்குப் பின்னால் வைப்பது. பொன்னுச்சாமி ஏணி போட்டு ஏறி, பொட்டலத்தைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். பாகற்காய் வற்றல்.

இவள் திருட்டுத்தனமாக இங்கிலீஷ் படிக்கிறாளோ? ஒருநாள் பேப்பரை இரண்டு கையாலும் விரித்துப் படித்துக்கொண்டே, "வடிவு, ஹவுஸ் இஸ் பர்னிங்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆக, படிக்கவில்லை. அப்புறம் எப்படி? மண்டை காய்ந்தது.

கடைசியாக ஒரு பெரிய திட்டம். திருச்சுழியில் ஒரு கல்யாணம். அங்கே சண்முகவடிவின் ஆட்கள் யாரும் கிடையாது. "சண்டே ஐ கெட் ஆன் த பஸ். யூ ஆல்சோ கெட் ஆன். திருச்சுழி கெட் ஆஃப். ஜாங்கிரி... ஈட் இட் அப்!" என்று அவர் முடித்தபோது கை இலையை வழித்து வாய்க்கே போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, விருதுநகருக்கு லோடு எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி, காளீஸ்வரன் கடையில் கொஞ்ச நேரம் போக்கிவிட்டுத் திருச்சுழி பஸ்ஸில் ஏறினார். முன் சீட்டில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். படியில் ஒரு காலை வைத்த காளீஸ்வரன் அவளைப் பார்த்ததும் பேசாமல் 'கெட் ஆஃப்' ஆகிவிட்டான்.

"உக்காருங்க. விருதுநகர் லோடு திருச்சுழி பஸ்ஸுலயா வருது?"

பொன்னுச்சாமி பொத்தென்று உட்கார்ந்தார். "தாயே, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிரு. இங்கிலீஷ் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும்? எங்கய்யா நரிக்குடிச் சந்தையில மிளகாய் வத்தல் தரகரு. துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சுத்தான் வெலை பேசுவாரு. வெளிய முழங்கை ஆடுறதை வச்சே நான் வெலையைச் சொல்லிருவேன். நீங்க துண்டே போடாமல்ல பேசுறீக!"

அவர் தன் இரண்டு கைகளையும் துரோகிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரிசக்காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஒத்தை விரலுதானேன்னு இருக்கீக. எங்கய்யாவுக்கும் ஒத்தை விரல்லதான் ஆரம்பிச்சுது. முழங்காலோட வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் அவுக சந்தைக்கே போகலை."

மாமனார் காலை எடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது ஒரு விரலில் தொடங்கியது என்று அன்றுதான் தெரியும். கல்யாண வீட்டில் ஜாங்கிரித் தட்டு வந்தபோது, யாரும் சொல்லாமல் அவரே இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தார்.

பொங்கலுக்குள் புண் ஆறிவிட்டது. விரலுக்கு இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, கடைக்கு நடந்தே வந்தார் பொன்னுச்சாமி. ஒவ்வோர் அடிக்கும் அந்த விரல் தரையில் படுவது சந்தோஷமாக இருந்தது. இவள் இல்லாவிட்டால் இந்த நடை ஏது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அவளுக்கு எப்படியாவது நன்றி சொல்ல வேண்டும். கட்டிய மனைவியிடம் நேராக நன்றி சொல்லும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. ஒரு பட்டுச்சேலை எடுத்து, அவள் எதிர்பாராத நேரத்தில் முன்னால் வைத்துவிட்டால்? ஒரு நல்ல காரியத்தையாவது அவளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாமா?

காளீஸ்வரன் வந்ததும் முன்ஜாக்கிரதையாக இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டார். வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கி எடுத்தார். "டுமாரோ... வீ போத் கோ. பை ஹெர்... சில்க் ஸாரி. டோன்ட் டெல் ஹெர்." கை ஒரு இம்மிகூட அசையவில்லை. ஜெயித்துவிட்டார்!

"சூப்பர் மாப்ள!" என்ற காளீஸ்வரன் உற்சாகம் தாங்காமல் எழுந்து நின்றான். "ஷீ வில் புட் இட் ஆன்!" என்று சொல்லி, கொசுவம் வைத்து, முந்தானையை எடுத்துத் தோளில் போட்டே காட்டிவிட்டான்.

அடுப்படி வாசலிலிருந்து சண்முகவடிவின் குரல் வந்தது. "ரொம்ப சந்தோசம் அண்ணே. ஆனா சேலையை நானே போயி எடுத்துக்கிடுறேன். அந்த ஜவுளிக்கடைக்கு எதுத்தாப்புலதான மிட்டாய்க்கடை இருக்கு?"