ஜெமீல் முதலாளியின் குளிர்ந்த கூரை

ஜெமீல் முதலாளிக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு ஜீப். அதன் கூரையில் ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய மனைவி பரீதா கருவாடு காயப்போட்டாள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் கிண்ணியாவில் பெண் எடுக்காதவர்களாக இருக்க வேண்டும். அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. வளவு, கிணறு, ஏழு தென்னை, கட்டில், மெத்தை, அலுமாரி எல்லாம் பெண்ணுடைய சீதனம். ஜெமீலின் பலசரக்குக் கடைகூட அந்த வளவின் ஒரு மூலையில்தான் நின்றது. அவர் சாய்ந்து வெற்றிலை போடும் கதிரையையும் மாமனார்தான் செய்வித்துக் கொடுத்தார். பதினாலு வருஷம் அடுத்தவர் கதிரையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு ஆசை இருக்காதா? திருகோணமலைக் கடற்படைத் தளத்தை வெள்ளைக்காரன் விட்டுப் போனபோது, ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்தார். மேலே இருந்த கிழிந்த தார்ப்பாயைக் கழற்றி எறிந்துவிட்டு, கனத்த தகரத்தில் கூரை அடித்துப் போட்டார். "இது என்ட" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை அதைத் தட்டிக்கொடுப்பார். அந்தக் கூரையில்தான் கருவாடு.

"பரீதா! இதென்ன வேல? வாகனத்துக்கு மேல கருவாடா?"

"நாலு நாள் காயிறது அரை நாள்ல காயுது. அடுத்த கிழம மிளகாயும் போடலாம் என்டு இருக்கன்."

"இது ஆள் போற வாகனம் புள்ள!"

"ஆர் போற? போன மாசம் பாதைக்குக் காத்து நின்டக்குள்ள உம்மா மயங்கி விழுந்தது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. பாதை என்றால் ரோட்டு அல்ல. கிண்ணியாத் துறையில் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. அது இக்கரைக்கு வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். அன்றைக்கு அந்தத் தகரக் கூரையின் கீழ் மாமியார் ஆமினா உம்மா மயங்கிச் சாய, பாதைக்காரன் ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றினான். அன்றிலிருந்து ஜீப்பைக் கண்டால் அவன் வாளியைத் தயாராக எடுத்து வைத்துவிடுவான்.

"றஊப் காக்கா கேக்கிறார்," என்றாள் பரீதா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே. "குறிஞ்சாக்கேணியில விறகு ஏத்தப் போறாராம். விறகுக்கு வேர்க்காதுதானே. குடுத்திருங்க."

றஊப், பரீதாவின் அண்ணன். மச்சான் றஊப்பின் விறகு! தன்னுடைய ஜீப்பில்!

"பத்து நாள் தா," என்றார் ஜெமீல். "உச்சி வெயில்ல உன்னப் பாதைக்குக் கொண்டு போறன். உன்ட நெத்தியில ஒரு சொட்டு வேர்த்தாலும் திறப்ப உன்ட காக்காட கையில குடுத்திர்றன்."

"காக்காக்கு முன்னால சொல்லுவீங்களா?"

"உன்ட உம்மாக்கு முன்னாலயும் சொல்லுவன்!"

சொன்னார். ஜீப் சாவி கைக்கு வரப்போகும் சந்தோஷத்தோடு றஊப் சாட்சிக்கு நின்றார். நின்ற கையோடு ஜீப்பின் பின்பக்கத்தைக் கையால் சாண் போட்டு அளந்து, எத்தனை கட்டு விறகு கொள்ளும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

ஜெமீல் நேரே திருகோணமலை லிங்கநகருக்குப் போனார். துறைமுகத்தில் ஐஸ் அறை திருத்தும் சிவபாதம் அங்கேதான் இருந்தார்.

"ஐஸ் அறைக்கு ரெண்டு சுவர், முதலாளி," என்றார் சிவபாதம். "நடுவில காத்து அசையாமல் நிக்கவேணும். அவ்வளவுதான் வித்தை."

"நடுவில என்ன வெக்கிற?"

"தக்கை."

"காசில்லாத தக்கை ஏதும் இருக்கா?"

சிவபாதம் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இலவம் பஞ்சு வையுங்கோ. நல்லாய் நிரப்பிப்போட்டு, கீழால பலகை அடியுங்கோ. பலகைக்கு மினுங்கிற தாள் ஒட்டியிருந்தால் இன்னும் திறம். சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும்."

பலகையும் தாளும் கடையிலேயே இருந்தன. தேயிலை வந்த பெட்டிகள் எட்டுப் பத்து வெறுமையாகக் கிடந்தன. மெல்லிய பலகை, உள்ளே பளபளவென்று ஈயத்தாள். எல்லாம் சும்மா! பஞ்சுதான் இல்லை. ஊரிலிருந்த இலவ மரங்கள் எல்லாம் போன மாதமே வெடித்துக் காற்றோடு போய்விட்டன. கடைத்தெருவில் மூட்டைப் பஞ்சு விற்றார்கள். ஆனால் விற்பதற்கே பிறந்த ஜெமீலுக்கு காசு கொடுத்து எதையாவது வாங்கக் கை வராது.

வீட்டுக்கு வந்து யோசிப்பதற்காகக் கட்டிலில் சரிந்தார். மெத்தை அவரை மெதுவாக உள்வாங்கிக்கொண்டது. அப்படியே எழும்பி உட்கார்ந்தார்.

அது கல்யாண மெத்தை. ஆமினா உம்மா தன் கையால் கொட்டை பிரித்த பஞ்சு, நடுநடுவே வாசத்துக்கு வெட்டிவேர் வைத்து, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. சீதனச் சாமானில் கை வைக்கிற மாப்பிள்ளையை ஊர் என்ன சொல்லும் என்பது ஜெமீலுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உள்ளே இருப்பது எதுவென்று மெத்தைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பரீதா தாய் வீட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு தையலைப் பிரித்தார். ஒரு மெத்தைக்குள் எவ்வளவு பஞ்சு இருக்கும் என்பது அதைத் திறந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். தாடியில் பஞ்சு, மூக்கில் பஞ்சு, தும்மினால் அறை முழுக்கப் பஞ்சு. வெட்டிவேரைப் பொறுக்கி எடுக்க நேரமில்லை. எல்லாவற்றையும் சாக்குகளில் அடைத்தார். மெத்தைக்குள் கடையில் கிடந்த தேங்காய் நார்த் தும்பைத் திணித்து, சாக்கூசியால் தைத்து, விரிப்பைப் போட்டு மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் பரீதா மெத்தையை வெயிலுக்குத் தூக்கினாள்.

"இஞ்சாருங்க, மெத்த பாரமா இருக்கே."

"ஈரம் பிடிச்சிருக்கும்."

"மழை பெய்து ஆறு மாசம்."

"கடல் காத்து புள்ள. கடல் காத்துல ஈரம் இருக்கு."

"ஓ, கடல் காத்து," என்றாள் பரீதா. மெத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஜெமீல் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். அன்றிலிருந்து பரீதா, முதுகுக்கு நல்லது என்று சொல்லிப் பாயில் படுக்கத் தொடங்கினாள். ஜெமீல் மட்டும் மெத்தையில் படுத்தார். தும்பு அவரை நாற்பது இடத்தில் குத்தியது. யாரிடம் போய் முறையிடுவது? விடியும்வரை சொறிந்துகொண்டே கிடந்தார்.

கூரை வேலை ஆறு நாள் நடந்தது. உள்பக்கம் சட்டம் அடித்து, பஞ்சை அடைத்து, தேயிலைப் பலகையை ஈயத்தாள் மேலே பார்க்க வைத்து ஆணி அடித்தார். பரீதா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஆணிகூட எடுத்துக் கொடுத்தாள்.

"பஞ்சு எங்கால?"

"கடையில பழசு கிடந்திச்சு."

"முன்பக்கம் காணாது போல. இன்னும் கொஞ்சம் அமத்தி வைங்க."

பெண்சாதியின் மனம் மாறிவிட்டது என்று ஜெமீல் உருகிப் போனார். இவளுக்கா துரோகம் செய்தேன் என்று ஒரு கணம் மனம் சுட்டது. பிறகு முன்பக்கத்தில் இன்னும் இரண்டு பிடி அமத்தினார்.

பத்தாம் நாள் உச்சி நேரம். ஜீப் துறையில் நின்றது. பாதை அக்கரையில் கிடந்தது. முன்னால் பரீதா, பின்னால் சாட்சிக்கு றஊப்பும், வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஏறிக்கொண்ட ஆமினா உம்மாவும். மணல் கொதித்தது. வரிசையில் நின்ற மாடுகூட நிழல் தேடி ஜீப்புக்குக் கீழே தலையை நீட்டியது. அரை மணித்தியாலம் போனது. றஊப் அடிக்கடி கூரையைத் தடவிப் பார்த்தார். பலகை குளுகுளு என்று இருந்தது. ஆமினா உம்மா குறட்டை விட்டார். வாளியோடு வந்த பாதைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டான்.

பாதை வந்து ஜீப் ஏறியதும் ஜெமீல் தொண்டையைக் கனைத்தார்.

"வேர்த்திச்சா?"

"இல்ல," என்றாள் பரீதா.

"மச்சான், நீங்க சொல்லுங்க."

"வேர்க்கல்ல மச்சான்," என்றார் றஊப், விறகைப் பறிகொடுத்த முகத்தோடு.

ஜெமீல் ஸ்டியரிங்கைத் தடவினார். என்னுடையது! பாதை நடுத்தண்ணீருக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஆமினா உம்மா கண் விழித்து மூக்கை உறிஞ்சினார்.

"வெட்டிவேர் வாசம் வருதே?"

"ஓம் உம்மா," என்றாள் பரீதா. "நீங்க போட்டதுதான்."

ஜெமீலின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

"காக்கா, ஒரு ஞாயம் சொல்லுங்க. சீதனச் சாமான் ஆர்ட?"

"பொண்ணுடதான். இதென்ன கேள்வி?"

"அத மாப்பிள கேக்காம எடுத்தா?"

"எடுத்தவன் திருப்பிக் குடுக்கோணும்."

"என்ட கல்யாண மெத்தப் பஞ்சு இந்தக் கூரைக்குள்ள இருக்கு. இவரக் கழட்டித் தரச் சொல்லுங்க."

றஊப்பின் முகத்தில் மறுபடியும் விறகு பூத்தது. "கழட்டுங்க மச்சான், இப்பவே கழட்டுங்க. பஞ்சு போனா கூர கொதிக்கும். கொதிச்சா வேர்க்கும். வேர்த்தா திறப்பு என்ட."

பாதையில் நின்ற சனம் முழுக்க ஜீப்பைச் சுற்றிக் கூடிவிட்டது. இறங்கி ஓடலாம் என்றால் நாலு பக்கமும் தண்ணீர்.

"கழட்டாட்டி?" என்றார் ஜெமீல், ஆமினா உம்மாவைப் பார்த்து.

"கழட்டாட்டி, சீதனம் எதுக்குள்ள இருக்கோ அதுவும் பொண்ணுடதான் மகன்," என்றார் மாமியார். சொல்லிவிட்டுத் திரும்பவும் குளிர்ச்சியாகச் சாய்ந்துகொண்டார்.

ஜெமீல் கூரையைப் பார்த்தார். றஊப்பைப் பார்த்தார். விறகை நினைத்தார். அழுகை வந்தது. ஆனாலும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஜீப், குறிஞ்சாக்கேணியில் விறகு சுமக்கும் ஜீப்பைவிட மேல் அல்லவா?

"கழட்டல்ல," என்றார் மெதுவாக.

"அப்ப சரி," என்றாள் பரீதா. "இறக்கக்கண்டிக்கு விடுங்க. தங்கச்சிட வீட்ட போகோணும். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போகோணும்."

பாதை அக்கரையில் முட்டியது. ஜெமீல் ஜீப்பை இறக்கி, நிலாவெளி றோட்டைப் பார்த்துத் திருப்பினார். கொஞ்சத் தூரம் போனதும் வாய் பொறுக்கவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க மெத்தையப் பிரிக்கிற அன்டைக்கே. சன்னலுக்கு வெளியிலதான் நின்டன். என்ன தும்மல் அது!"

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள?"

"சொல்லியிருந்தா, எனக்குக் கூர ஆர் செஞ்சு தாற?"