உடைமை: கை ஒன்று

சியூலுன் பேரூராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் சமரசக் குழு இயங்கி வருகிறது. நீதிமன்றம் வரை போகுமளவுக்குக் கோபம் இல்லாதவர்களும், கோபம் இருந்தும் பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும் அங்கே போவார்கள். தேநீர் தருவார்கள். இரு தரப்பும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்திவிட்டால் அந்தத் தாள் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்புக்குச் சமமாகித் திரும்பி வரும்.

குழுவின் செயலர் திரு. ஜியான் பத்தொன்பது வருடமாக ஒரே கொள்கையோடு வாழ்பவர். எல்லாக் கட்டங்களும் நிரம்பிய மனு உண்மையானது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அது பொய். ஊர்வல வெடிச் சத்தத்தில் வாத்துகள் முட்டையிட மறந்துவிட்டன என்று ஒருத்தி கொடுத்த மனுவை அவர் அப்படித்தான் உண்மை என்று கண்டுபிடித்தார்.

அந்த வருடம் நான்காம் மாதத்தில் ஒரு மனு வந்தது. மனுதாரர்: ஆகாவ் அக்கா, சிப்பி ஆம்லெட் கடை, மற்றும் நாற்பத்தாறு பேர். பிரதிவாதி: ஆயிரவிஷ அடிகள். தொழில்: வில்லன். முகவரி: நச்சுமேகக் குகை, கீழ்த்தளம். குறை: வெண்நாரையார் என்னும் வாள்வீரரைச் சிறைபிடித்து, கேட்டதைக் கொடுத்தால் விடுவதாகப் பதினொரு முறை வாக்களித்து, பதினொரு முறையும் வாங்கிக்கொண்டு விடவில்லை.

எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. திரு. ஜியான் அழைப்பாணை அனுப்பினார்.

ஆயிரவிஷ அடிகள் இரண்டடி உயரமுள்ள மரப்பாவை. வியாழன்தோறும் உள்ளூர் கேபிளில் வரும் பாவைக்கூத்துத் தொடரில் நூற்று நாற்பத்தேழு வாரமாக அட்டூழியம் செய்துவருபவர். இதைத் திரு. ஜியானிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் மனுவில் 'பிரதிவாதி எதனால் ஆனவர்' என்ற கட்டம் கிடையாது.

இரண்டாவது அழைப்பாணை லியாவ் மெய்சூவுக்கு வந்தது. 'பாதிக்கப்பட்டவரின் கை' என்று உறைமேல் எழுதியிருந்தது.

தவறாக எழுதவில்லை. வெண்நாரையாரும் அதே தொடரின் பாவை; அவருக்குள் இருப்பது மெய்சூவின் வலது கைதான். ஏறக்குறைய மூன்று வருடமாகச் சங்கிலியில் தொங்கும் ஒருவருக்குள் கையை நுழைத்து, தலைக்கு மேல் தூக்கியபடி, வாரத்துக்கு நான்கு நாள் படப்பிடிப்பு. தொங்குகிறவருக்கு வேலை குறைவு: தலையைத் தூக்க வேண்டும், பெருமூச்சு விட வேண்டும். அதை நாரைபோலச் செய்ய வேறு கையால் ஆகவில்லை. மெய்சூவால் இப்போது வலது கையால் தலை வார முடியாது.

அவளுக்கும் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருந்தது. கூத்துக்குழுவின் தலைவர் ஷுன்ஃபா வாத்தியார், கூத்துக்குழுவின் தெய்வத்துக்கு ஊதுபத்தி ஏற்றி அதன் முன்னாலேயே சொன்னார்: "வெண்நாரையார் வெளிய வர்ற அன்னைக்கு நீயும் கைய உருவிக்கிட்டுப் போலாம். அதுவரைக்கும் நடுவுல விட்டுட்டுப் போகமாட்டேன்னு நீயும் சொல்லு." சொன்னாள். தாய்ச்சுங் நகரத்தில் அவள் அக்கா காலைச் சிற்றுண்டிக் கடை போட இடம் பிடித்து வைத்திருந்தாள். அக்காவும் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: "படகுப் போட்டிக்குள்ள வந்தா நீ. இல்லேன்னா பக்கத்து வீட்டுக்காரியச் சேத்துக்குவேன். சோயாப்பால் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுடி."

படகுப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

விசாரணை நாளன்று இரண்டாம் மாடி நடைக்கூடம் முழுக்க மனுதாரர்கள். ஷுன்ஃபா வாத்தியார் பட்டுச் சட்டை போட்டு, ஆயிரவிஷ அடிகளை இடது கையில் மாட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் கைதட்டியது. வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கைதட்டல் கேட்டால் அவருக்கு எதற்காக வந்தோம் என்பது மறந்துபோகும்.

"பிரதிவாதி வந்திருக்காரா?" என்றார் திரு. ஜியான்.

"வந்தோம்!" என்றது பாவை, குகைக்குள்ளிருந்து வருவதுபோல. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

"பாதிக்கப்பட்டவர்?"

மெய்சூ வெண்நாரையாரைத் தூக்கிப் பிடித்தாள்.

"பேசணும். பதிவுக்கு வேணும்."

"அவருக்கு நான் பேசுறதில்லீங்க. கை மட்டும்தான் நான். குரல் வாத்தியாருது."

"எந்த வாத்தியார்?"

"அதோ அவர்தான். எங்க கூத்துல எல்லாருக்கும் ஒரே குரல்காரர்தான். கதாநாயகன், வில்லன், ராணி, குதிரை எல்லாம் அவரேதான்."

திரு. ஜியான் பேனாவை மூடினார். திறந்தார். பத்தொன்பது வருடத்தில் பாதிக்கப்பட்டவரின் வாய் பிரதிவாதியிடம் இருந்த வழக்கு வந்ததில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பேச முடியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்கலாம் என்றிருந்தது. மொழிபெயர்ப்பாளர் எதிர்த்தரப்பாக இருக்கக் கூடாது என்று இல்லை.

"சரி. பாதிக்கப்பட்டவர், பிரதிவாதியின் வாயால பேசலாம். சிறையில எப்படி இருக்கீங்க?"

வாத்தியார் தொண்டையைச் செருமி, இளைஞனின் இனிய குரலில் சொன்னார்: "நன்றாகவே இருக்கிறேன் ஐயா. காற்று சற்றே குளிர்ச்சி. ஆயினும் அடிகளின் உபசரிப்பில் குறையில்லை."

மெய்சூ மணிக்கட்டை லேசாகத் திருப்பினாள். வெண்நாரையார் மெல்ல, மிக மெல்ல, இல்லை என்று தலையசைத்தார்.

நடைக்கூடத்தில் ஆகாவ் அக்கா விம்மினாள். "பாருங்க, பாருங்க! வாய் ஒண்ணு சொல்லுது, மனசு ஒண்ணு சொல்லுது!"

திரு. ஜியான் எழுதினார்: 'வாய் சம்மதம் தெரிவித்தது. தலை மறுத்தது.'

"விடுதலை வேணுமா?"

"வேண்டாம்," என்றது இனிய குரல். தலை மூன்று முறை ஆமென்று ஆடியது.

"ஏய் மெய்சூ," என்று வாத்தியார் தன் சொந்தக் குரலில் பல்லைக் கடித்தார், "கைய அடக்கு."

"வாத்தியாரே, நான் ஆட்டலியே. அவருதான் ஆடுறாரு. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, கை பாவைக்கு அடங்கணும்னு?"

"பிரதிவாதி பாதிக்கப்பட்டவரின் கையை மிரட்டக் கூடாது," என்றார் திரு. ஜியான். "பதினொரு தடவை வாக்குத் தந்தது உண்மையா?"

வாத்தியார் அமைதியாக விளக்க முயன்றார். "ஐயா, இது கூத்து. வில்லன் சொன்ன சொல்லக் காப்பாத்துனா அப்புறம் அவன் என்ன வில்லன்? காய்கறிக் கடைக்காரன் ஆயிடுவான்."

"தொழில் காரணமா வாக்குத் தவறலாம்னு விதி இல்ல. அப்படி விதி வந்தா எத்தனை தொழில்காரங்க வந்து நிப்பாங்க தெரியுமா? எங்க அலுவலகத்துல இருந்தே பாதிப் பேர் வருவாங்க. மறுத்தீங்கன்னா சட்டவிரோதமா அடைச்சு வெச்சதா மேல அனுப்ப வேண்டியிருக்கும்."

"விடு! விடு!" என்று நடைக்கூடம் கூவ ஆரம்பித்தது. நாற்பத்தேழு பேரும் வாத்தியாரின் தீவிர ரசிகர்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். ரசிகர்கள் ஒரே குரலில் கேட்பதை மேடையில் நின்று மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. ஆயிரவிஷ அடிகளின் கையை உயர்த்தி, "ஹா! ஹா! ஹா! விடுவித்தோம்!" என்று முழங்கினார். கைதட்டல் மாடியை அதிரவைத்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் மெய்சூ மேசைக்கருகில் போனாள். "ஐயா, எனக்கும் ஒரு வாக்குக் குடுத்திருக்காரு. அவரு வெளிய போனா நானும் போலாம்னு. அதையும் எழுதிக்குங்க."

"அது தனி மனு. தனிப் படிவம். பதினைஞ்சு வேலை நாள் ஆகும். அப்புறம் விசாரணை தேதி."

"அவ்வளவு நாள் இல்லீங்க எனக்கு."

திரு. ஜியான் இரக்கமில்லாதவர் அல்ல. ஆனால் இரக்கத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். ஒப்பந்தப் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். 'விடுவிக்கப்படுபவர் உடன் எடுத்துச் செல்லும் உடைமைகள்.'

"உங்க கை எப்பவும் அவருக்குள்ளதானே இருக்கு?"

"மூணு வருஷமா."

"அப்ப அது அவரோட உடைமை." எழுதினார்: வெள்ளை அங்கி ஒன்று. வாள் ஒன்று. தலைப்பாகைக் குஞ்சம் இரண்டு. கை ஒன்று.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "கையக் கூட்டிட்டுப் போயிட்டா, வெளிய வந்த வெண்நாரையார யாரு ஆட்டுறது? அடுத்த வாரம் அவரு வீட்டுக்குப் போற காட்சி இருக்கே?"

"அதுக்குத்தான் கடைசிக் கட்டம். 'விடுதலைக்குப் பின் மேற்படியாரின் நடமாட்டத்துக்குப் பொறுப்பேற்கும் பிணையாளர்.' யார் பேரு போடலாம்?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கட்டம் காலியாக இருந்தது. திரு. ஜியானால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் கையிலிருந்து காலிக் கட்டத்தோடு ஒரு தாளும் போனதில்லை. தன் பெயரை எழுதி முத்திரையைக் குத்தினார்.

நூற்று நாற்பத்தெட்டாம் வாரத்தில் சங்கிலி அறுந்தது. சியூலுனில் வெடி வெடித்தார்கள். ஆகாவ் அக்கா அன்றைக்கு ஆம்லெட்டுக்குக் கூடுதலாக இரண்டு சிப்பி போட்டாள். செய்தித்தாளில் 'வாக்குக் காத்த வில்லன்' என்று பாதிப் பக்கம் வந்தது. பக்கத்து ஊர்க் கூத்துக்குழுக்கள் தங்கள் வில்லன்களுக்கும் வாக்குறுதிப் படிவம் அச்சடித்துக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் ஒழுக்க வாரத்துக்கு ஆயிரவிஷ அடிகளைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். மெய்சூ கையை உருவி, வெண்நாரையாரின் அங்கியை நீவிவிட்டு, தாய்ச்சுங் பேருந்தில் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் வலது கை சற்று நேரம் தூக்கியபடியே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என்ன சந்தேகம் என்று கேட்டார்.

நூற்று நாற்பத்தொன்பதாம் வாரத்தில் வெண்நாரையார் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தார். நூற்று ஐம்பதாம் வாரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஆயிரவிஷ அடிகள் அவரைப் பார்க்க வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குக் கிளம்பினார். நூற்று ஐம்பத்தொன்றாம் வாரத்தில் வெண்நாரையார் தூங்கினார். அதில் கையின் குற்றமும் இருந்தது. பிணையாளர் என்ற முறையில், அலுவலகம் முடிந்ததும் வந்து அவரை ஆட்டிக்கொண்டிருந்தது திரு. ஜியான்தான். தூங்கும் காட்சியை மட்டும் அவர் குறையில்லாமல் செய்தார்.

படகுப் போட்டி முடிந்து பத்து நாள் கழித்து, தாய்ச்சுங்கில் அக்காவும் தங்கையும் நடத்தும் சிற்றுண்டிக் கடைக்குத் திரு. ஜியான் வந்தார். காலைக் கூட்டம் குறைந்திருந்தது. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மெய்சூ இடது கையால் சோயாப்பால் கிண்ணத்தை அவர் முன் வைத்தாள். அவர் கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார்.

"புது மனு. முந்நூத்திப் பன்னிரண்டு பேர். முதல் முத்திரை ஆகாவ் அக்காவோடது."

"என்னவாம்?"

"வெண்நாரையார மறுபடி பிடிச்சு அடைக்கணுமாம். 'பொதுமக்களின் வியாழக்கிழமையைக் கருத்தில் கொண்டு'ன்னு எழுதியிருக்காங்க. உங்க தரப்புக் கட்டம் தவிர எல்லாம் நிரப்பியிருக்கு." அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. "பழைய ஒப்பந்தத்துல பாதிக்கப்பட்டவரோட கைங்கிற முறையில நீங்களும் ஒரு தரப்பு. உங்க முத்திரை இல்லாம அத மாத்த முடியாது. உங்ககிட்ட நானே நேர்ல கொண்டுவரணும்னு விதி."

"யாரு போட்ட விதி?"

"நான்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி."

மெய்சூ தாள்களைப் புரட்டினாள்.

"முத்திரை குத்தாதீங்க தங்கச்சி," என்றார் திரு. ஜியான். விதிப்புத்தகம் இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டதில்லை. "குத்துனா தொங்கப்போறது என் கை. ரெண்டு மணி நேரம் தூக்கிப் பாத்தேன், விரல் எங்க இருக்குன்னே தெரியல. வாத்தியார் சொல்றாரு, மூணே வாரம்தான் செயலரே, அப்புறம் கண்டிப்பா வெளிய விட்டுடறேன்னு."

"தெய்வத்துக்கு ஊதுபத்தி ஏத்துனாரா?"

"ஏத்துனாரே! எப்படித் தெரியும்?"

மெய்சூ அவருடைய வலது தோளைப் பார்த்தாள். இப்போதே கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் வலியை ஒரு கட்டத்துக்குள் கொண்டுவர இந்த உலகத்தில் மெனக்கெட்டவர் இவர் ஒருவர்தான். இவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள்.

"போன வியாழக்கிழமை நானும் அக்காவும் பாத்தோம்," என்றாள் மெல்ல.

"எப்படி இருந்துச்சு?"

பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "தூங்கிட்டோம்!"

"அவரு செடிக்குத் தண்ணி ஊத்துறத எத்தனை வாரம் பாக்கறது ஐயா," என்றாள் மெய்சூ. "தொங்குனாதான் அவருக்கு அழகு. அந்தக் கழுத்து, அந்தப் பெருமூச்சு... நான் தொங்குறப்ப அது எனக்குத் தெரியல. வெளிய வந்து உக்காந்து பாத்தப்பதான் தெரியுது."

அவள் கல்லாவின் கீழிருந்து பெயர் முத்திரையை எடுத்தாள். சிவப்பு மையில் ஒற்றி, முந்நூற்றுப் பதின்மூன்றாவதாக, நேராகக் குத்தினாள். படிவத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவள் தரப்பு நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. விடுதலை நாள். பேனாவை வாங்கி, அவர் அலுவலகத்துக் கடிதங்களில் எப்படி இருக்குமோ அப்படியே, தெளிவான எழுத்தில் நிரப்பினாள்: 'பின்னர் அறிவிக்கப்படும்.'

"ஆறிடப் போகுது, குடிங்க," என்றாள். "வலது கையாலயே எடுங்க. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் தூக்க முடியும்."